சேற்றுக்குள் முத்துச்சரம்

நமீபியாவின் துறைமுக ஊரான வால்விஸ் பேயில் சில நாள்களில் கடற்காற்று அழுகிய முட்டையாக நாறும். கடல் பால் கலந்தாற்போல வெளிர்பச்சையாகும். மீன்கள் செத்து ஒதுங்கும். சிங்கி இறால்கள் மூச்சுமுட்டிக் கரையேறும்.

இந்தக் கரையை வாழவைக்கும் நீரோட்டம்தான் இதற்கும் காரணம். பெங்குவேலா நீரோட்டப் பகுதியில் அடியாழத்துக் குளிர்நீர் சத்துகளோடு மேலேறுகிறது. அதில் மிதவையுயிரிகள் பெருகுகின்றன, அவற்றால் மீன்வளம். தின்று தீராத மிச்சம் அடியில் படிந்து அழுகி ஆக்சிஜனைத் தீர்க்கிறது. சேற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஊறுகிறது. நமக்கு நஞ்சான அந்த வாயுவைத் தின்று வாழும் கந்தக பாக்டீரியாக்கள் உண்டு.

சிலி நாட்டு மீனவர்களுக்கு அவற்றை முன்பே தெரியும். வலையில் சேறோடு சிக்கிவரும் வெள்ளை நார்க்கற்றைகளை அவர்கள் 'எஸ்டோப்பா' என்பார்கள். சிக்குப்பிடித்த சணல் பிசிறு என்று பொருள். 1960களில் அதே சேற்றை ஆராய்ந்த விக்டர் கயார்டோ, அந்த நார் தியோப்ளோகா என்னும் பாக்டீரியா என்று கண்டார். கைக்கு அகப்பட்டதை வைத்தே மீனவர்கள் சூட்டிய பெயர் எவ்வளவு பொருத்தம்!

நமீபியாவிலும் தியோப்ளோகா கிடைக்கும் என்று நம்பி, 1997இல் நுண்ணுயிரியலாளர் ஹைடி ஷூல்ஸ் ஒரு ரஷ்ய ஆய்வுக்கப்பலில் போனார். அள்ளிய சேற்றில் அது சொற்பமே இருந்தது. ஆனால் பச்சை படர்ந்த அந்தச் சகதியில் வெண்மணிகள் மின்னின. கோத்த முத்துபோல ஒன்றன்பின் ஒன்றாக வரிசை வரிசையாக. ஒவ்வொரு மணியும் ஒற்றை பாக்டீரியா! பெரும்பாலானவை 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர், மிகப் பெரியது 0.75, அதாவது அச்செழுத்து முற்றுப்புள்ளி அளவு. உள்ளே தேங்கிய கந்தகத் துணுக்குகளில் ஒளி பட்டுத்தான் அந்த முத்துப் பளபளப்பு. 1999இல் 'தியோமார்கரிட்டா நமீபியென்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள்: நமீபியாவின் கந்தக முத்து.

அதன் பிழைப்பு ஒரு காத்திருப்பு. தின்ன வேண்டிய சல்ஃபைடு சேற்றுக்குள். ஆக்சிஜனுக்குப் பதிலாக அது சுவாசிக்கும் நைட்ரேட்டோ மேலே கடல்நீரில். தியோப்ளோகா இரண்டுக்கும் நடுவே ஊர்ந்து போய்வரும். முத்தால் ஊர முடியாது. சேறு கலங்கி நீரில் மிதக்கும்போது நைட்ரேட்டை உறிஞ்சி, உடலின் பெரும்பகுதியை அடைத்திருக்கும் நீர்ப்பைக்குள் சேமிக்கும். மறுபடி கடல் கலங்கும்வரை, மாதக்கணக்கில்கூட, அந்தச் சேமிப்பில்தான் உயிர்.

இதே குடும்பத்தில் இன்னொன்று, கரீபியத் தீவான குவாதலூப்பின் அலையாத்திக் காட்டில் அழுகும் இலைகளில் வெண்ணூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சராசரி நீளம் 1 சென்டிமீட்டர், வெறுங்கண்ணுக்கே தெரியும். 2009இல் அதைப் பார்த்த உயிரியலாளர் ஒலிவியே க்ரோ, அது பாக்டீரியாவாக இருக்கும் என்று முதலில் நினைக்கவே இல்லை. 2022இல்தான் உலகுக்கு அறிவித்தார்கள்.