மெக்கன்சியும் கொங்குதேச ராஜாக்களும்

கொங்கு மன்னர்களின் பட்டியலைத் தேடிப் போகிறவர்கள் கடைசியில் ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் சேகரிப்பில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. கர்னல் காலின் மெக்கன்சி லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயைச் சேர்ந்தவர். அங்கே சுங்க அலுவலராக இருந்தவர். மடக்கை கண்ட நேப்பியரின் வரலாற்றுக்காக இந்துக்களின் கணிதத்தைத் தேடப் போய் இந்நாட்டின்மீது நாட்டம் கொண்டார் என்பார்கள். 1783இல் கம்பெனிப் படையில் சேர்ந்து இங்கு வந்தார். 1799இல் திப்பு வீழ்ந்தபின் மைசூர் நில அளவை அவர் பொறுப்பில் வந்தது. சங்கிலி பிடித்து அளந்த ஊர்களிலெல்லாம் ஓலைச்சுவடி, கல்வெட்டு, நாணயம், ஊர்க்கதை என்று திரட்டினார். 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார், 1821இல் மறைந்தார். வில்சன் 1828இல் வெளியிட்ட அட்டவணை 1,568 சுவடிகளையும் 8,076 கல்வெட்டுப் படிகளையும் கணக்குக் காட்டுகிறது.

இத்தனையும் திரட்டியவர் நம் மொழிகளில் தேர்ச்சி பெற்றவர் அல்லர். ஊர் ஊராய் அலைந்து, கர்ணத்திடமும் குருக்களிடமும் கேட்டு எழுதியவர்கள் அவருடைய உதவியாளர்கள். அவர்களுள் தலையாயவர் காவலி வெங்கட போரையா. 1803இல் இளவயதிலேயே இறந்தார். பின் அப்பணியைச் சுமந்தவர் தம்பி லட்சுமையா. மெக்கன்சி மறைந்தபின் அதைத் தாமே தொடர விரும்பிய லட்சுமையாவுக்குத் தகுதி போதாதென்று ஆசியக் கழகத்தார் ஒதுக்கினர். அச்சேகரிப்பை உண்டாக்கிய கைகளையே தகுதியற்றவை என்றதை என்னவென்பது!

அச்சேகரிப்பில் ஒன்றுதான் 'கொங்குதேச ராஜாக்கள்' என்னும் தமிழ் உரைநடை நூல். ஸ்கந்தபுரத்து அரசர்களில் தொடங்கி, கங்கர், சோழர், ஒய்சளர், விஜயநகரத்தார் என மைசூர் வரை வருகிறது. 1846இல் டௌசன் இதைக் கொண்டு சேர நாட்டுக் காலவரிசையை வகுக்கப் பார்த்தார். கொங்கும் சேரமும் ஒன்றெனக் குழம்பியது அதில் விளைந்த கேடு. கங்கர் செப்பேடுகளையே போலி என்ற பிளீட் இந்நூலையும் நம்பவில்லை. 1950இல் சென்னை அரசு இதனை அச்சிட்டது. பதிப்பித்தவர் கோவைக்கிழார் இராமச்சந்திரஞ் செட்டியார்.

கொங்குப் பாளையக்காரர் வம்சாவளிகளும் இச்சேகரிப்பில் உண்டு. (பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் வேலம்பாளையம் அதில் இருக்குமா என்று தேட வேண்டாம்; பாளையம் என்று முடியும் ஊரெல்லாம் பாளையப்பட்டு அல்ல.)

முற்காலக் கங்கர் ஆண்டுகளுக்கு இந்நூலைச் சான்றாகக் கொள்வது வீண்வேலை என்பதே என் கருத்து. ஆனால் ஆங்கிலேயர் வந்த வேளையில் கொங்கு மக்கள் தம் பழமையை எவ்வரிசையில் நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கு இதைப் போன்ற சான்று அரிது. நூலின் முகப்பில் கோவைக்கிழார் பெயர் உண்டு, சேகரிப்புக்கு மெக்கன்சியின் பெயர் உண்டு. அந்த நினைவைச் சொன்ன கொங்குக் கிழவர்களுக்குத்தான் பெயர் இல்லை.