கடைசிப் பெட்டி

கூட்ஸ் வண்டியின் வாலில் ஒரு சின்னப் பெட்டி, அதில் பச்சைக்கொடியோடு ஒருவர். நினைவிருக்கிறதா? அந்த பிரேக்வேனில் பல வருடம் நின்றவன் நான்.

அமெரிக்காவில் அதற்குக் கபூஸ் என்று பெயர். அடுப்பு, படுக்கை, பலவற்றில் கூரைமேல் கண்ணாடிக் கூண்டுகூட உண்டு. அங்கே உட்கார்ந்து, எந்த வேகனின் அச்சு சூடேறிப் புகைகிறது என்று பார்ப்பார்கள். 1980களில் அவை மறையத் தொடங்கின. கடைசி வேகனில் மாட்டிய ஒரு கருவி, பிரேக் குழாயின் காற்றழுத்தத்தை ரேடியோ வழியாக எஞ்சினுக்குச் சொல்லிவிடுகிறது.

எனக்குக் கிடைத்தது கைபிரேக், பிரஷர் கேஜ், ஒரு பெஞ்சு. விளக்கில்லை, கக்கூஸ் இல்லை. லூப் லைனில் ஆறு மணி நேரம் நின்றால் வயிறு கேட்குமா?

இன்று என்னை பிரேக்வேன் செய்யச் சொன்னால் முதலில் கழிப்பறை. பிறகு சோலார் விளக்கு, சாய்மானமுள்ள நாற்காலி, பின்பக்கம் ஒரு கேமரா. அந்த ரேடியோ கருவியும் இருக்கட்டும். வண்டி நடுவில் அறுந்தால் என்னைவிட வேகமாக அது சொல்லும். ஆனால் ராத்திரியில் வண்டி தடம்புரண்டால், 1,200 மீட்டர் பின்னால் நடந்து தண்டவாளத்தில் மூன்று டெட்டனேட்டர் வைக்க ஆள் வேண்டும். அதனால் நாற்காலியை எடுக்கமாட்டேன்.

2022இல் கார்டு ‘டிரெயின் மேனேஜர்’ ஆகிவிட்டார். பெட்டி எப்படி இருக்கிறது என்று இப்போது வேலையில் இருக்கும் பையன்கள்தான் சொல்லவேண்டும்.