ஹெரான் வந்த கோடை

2004-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட போர்ப்படம் ஒன்று உண்டு. ‘ஐக்: கவுண்ட்டவுன் டு டி-டே’ என்று பெயர். டாம் செல்லெக் தன் புகழ்பெற்ற மீசையை மழித்து, தலையையும் மொட்டையடித்துக்கொண்டு, தளபதி ஐசனோவராக நடித்திருப்பார். போர்ப்படம் என்றேனே தவிர, அதில் போர் கிடையாது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் படைகள் இறங்குவதற்கு முந்தைய நாட்கள்தான் மொத்தப் படமும். அறைகள், மேசைகள், வரைபடங்கள், சிகரெட் புகை. ஒருபுறம் சர்ச்சிலைச் சமாளிக்க வேண்டும். இன்னொருபுறம் மான்ட்கோமரியின் கர்வம், டி காலின் கோபம். வானிலை அதிகாரி ஸ்டாக் வந்து புயல் என்கிறார். ஜூன் 5-க்குக் குறித்த படையெடுப்பு ஒரு நாள் தள்ளிப்போகிறது. தோற்றால் பழி முழுவதும் தன்னுடையதே என்று ஐசனோவர் முன்கூட்டியே ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொண்டது வரலாறு. அந்தச் சீட்டில் ஜூன் 5 என்று போடுவதற்குப் பதிலாக ஜூலை 5 என்று போட்டுவிட்டார். அவர் மனம் அப்போது எந்த நிலையில் இருந்திருக்கும் என்று ஊகிக்க இது ஒன்றே போதும்.

நம்மூர்ப் போர்ப்படங்களுக்கு இந்தப் பொறுமை வாய்த்ததில்லை. 1959-ல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத்தில் ஜெயித்த படம். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. 1997-ல் எலிசபெத் ராணியையே அழைத்துவந்து கமல்ஹாசன் தொடங்கிய ‘மருதநாயகம்’ இன்றுவரை முடியவில்லை. அந்த மருதநாயகம் என்கிற யூசுப்கான் பீரங்கிகளோடு முட்டிமோதிய மண், சங்கரன்கோவிலுக்கு மேற்கே இருக்கிறது. அவரை எதிர்த்து நின்றவர் நெற்கட்டும்செவல் பாளையக்காரர் புலித்தேவர். இருவருக்கும் நடந்த சண்டைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. சண்டைக்கு முன் அவரவர் என்ன கணக்குப் போட்டார்கள் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். திருநெல்வேலியிலிருந்து வடமேற்கே சங்கரன்கோவிலை நோக்கி வருகிறவர் மானூர், தேவர்குளம் தாண்டி மேலநீலிதநல்லூர்ப் பக்கம் வரும்போது, இரு புறமும் மானாவாரிக் காடுகள்தான்.   ஒளிந்துகொள்ள மலை இல்லை, தடுத்து நிறுத்த ஆறு இல்லை. மேற்கே அடிவானத்தில் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். அங்கே போய்ச் சேரும்வரை வெட்டவெளி. கோடையில் குளங்கள் வறண்டு கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கரிசல் மண் வண்டிச் சக்கரத்தை விடாது. ஆயிரக்கணக்கான ஆட்கள், மாடுகள், பீரங்கி வண்டிகளோடு இந்தப் பக்கம் வருகிற தளபதிக்குச் சண்டையைவிடத் தண்ணீரும் தீனியும்தான் பெரிய கவலையாக இருக்கும்.

அப்படித்தான் 1755-ல் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் வந்தார்.

ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பெருங்கடன். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் கப்பம் வசூலித்தால்தான் கடன் அடையும். ஆனால் 1736-ல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்த பிறகு தெற்கே யாருக்கும் யாரும் ஒழுங்காகக் கப்பம் கட்டவில்லை. ஆகவே 500 ஐரோப்பியர், 2,000 சிப்பாய்கள் கொண்ட படை ஹெரான் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்டது. நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் கூட வந்தார். சிப்பாய்களோடு வந்தவர்களில் யூசுப்கானும் ஒருவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹெரானின் பயணத்தை விரிவாக எழுதி வைத்தவர் ராபர்ட் ஆர்ம். சென்னைக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவர், கம்பெனியின் வரலாற்றாசிரியர். ஹெரானைக் காப்பாற்ற அவருக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் அவர் எழுதியதைப் படித்தால் ஹெரான்மேல் மரியாதை வருவது கடினம். மதுரைக்கு அருகே கோவில்குடியில் கோயிலை உடைத்து விக்கிரகங்களைக் கொள்ளையிட்டு, பணம் கொடுத்தால் திருப்பித் தருவதாகப் பேரம் பேசினார்கள். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை மாபூஸ்கானுக்கே ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்குக் குத்தகைக்கு விட்டார் ஹெரான். வழியில் சில பாளையக்காரர்கள் கொஞ்சம் கட்டினார்கள், சிலர் ஜாமீனுக்கு ஆட்களைக் கொடுத்தார்கள். தெற்கே ஒரு கோட்டையில் உள்ளே இருந்தவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் வெட்டினார்கள். இந்தச் செய்திகளெல்லாம் படைக்கு முன்பாகவே ஊர் ஊராக ஓடியிருக்கும். பயமுறுத்தல் என்பதும் ஒரு படைதான். அது சம்பளம் கேட்காது.

நெற்கட்டும்செவலுக்கு ஹெரான் வந்து சேர்ந்தபோது கோடை. கோட்டைக்கு எதிரே நின்றுகொண்டு கேட்ட தொகை கடைசியில் 20,000 ரூபாயாக இறங்கி நின்றது. கட்ட மறுத்தார் புலித்தேவர்.

மேடைகளில் இந்த மறுப்பைச் சொல்லும்போது குரல் உயரும். மீசை, வாள், கர்ஜனை. எனக்கு அந்தக் கோட்டை வாசலில் சுவாரசியமாகப் படுவது வேறு. ஹெரானிடம் மதில் உடைக்கும் பெரிய பீரங்கிகள் கையில் இல்லை. இருந்த சின்னக் குண்டுகளை மண்கோட்டை விழுங்கிக்கொண்டது. அந்தக் காலத்துப் பாளையத்துக் கோட்டை என்பது கல்மதில் அல்ல. சரிந்த, தடித்த மண்சுவர், மூலைகளில் கொத்தளம், சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. கல்மதில் பிளக்கும், மண்சுவரில் குண்டு புதையும். படையில் சாப்பாடு குறைந்துகொண்டிருந்தது. சிப்பாய்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. திருச்சிக்குத் திரும்பச் சொல்லி மேலிடத்திலிருந்து ஆணையும் வந்திருந்தது. எதிரே நிற்பவன் எத்தனை நாள் நிற்க முடியும் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தெரிந்தவர்போலவே நடந்துகொண்டார் புலித்தேவர். வெளியே வந்து மோதவில்லை, பேரத்துக்கும் இறங்கவில்லை. கேட்ட தொகை 20,000-க்கு வந்ததே எதிரியின் மடி காலி என்பதற்கு அத்தாட்சி. முடியும் என்று நம்புகிறவன் தொகையைக் குறைக்க மாட்டான்.

ஹெரான் ஒன்றும் வாங்காமல் திரும்பினார். மே 29 அன்று நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்து, கோவில்குடி விக்கிரகங்களை மீட்டுக்கொண்டார்கள். அதே ஆண்டில் ராணுவ நீதிமன்றம் ஹெரானை வேலையிலிருந்து நீக்கியது.

இந்தியாவில் வெள்ளையரை முதலில் எதிர்த்தவர் யார் என்ற பட்டிமன்றம் இன்றும் நடக்கிறது. எனக்கு அதில் அலுப்பு வந்து வெகுகாலமாகிறது. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்படுவதற்கு 44 ஆண்டுகள் முன்னால், நவாபுக்கும் கம்பெனிக்கும் ஒருசேர ‘கட்ட முடியாது’ என்று சொல்லி, அதை நடத்தியும் காட்டிய ஒருவர் சங்கரன்கோவில் சீமையில் இருந்தார். அவர் எதை நம்பி அதைச் சொன்னார் என்று கேட்டால்தான் வரலாறு கொஞ்சம் நகரும்.

கோட்டையை மட்டும் நம்பவில்லை என்பது அடுத்த சில மாதங்களில் தெரிந்துவிட்டது. ஹெரான் போனதும் குத்தகைதாரர் மாபூஸ்கான் தனியாக நின்றார். புலித்தேவர் மேற்குப் பாளையங்களைச் சேர்த்தார். வடகரை, ஊத்துமலை, தலைவன்கோட்டை என்று மலையடிவாரத்து மறவர் பாளையங்கள் பலவும் ஒரு பக்கம். திருவிதாங்கூர் அரசருக்குக் களக்காட்டின்மேல் கண். அவர் படையும் வந்தது. முன்பு மதுரை, திருநெல்வேலியைக் கையில் வைத்திருந்த பட்டாணியத் தளபதிகளில் முடேமியாவும் நபிகானும் சேர்ந்துகொண்டார்கள். இவர்களுக்குள் பொதுவானது என்ன? மாபூஸ்கான் அங்கே இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான். கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி அப்போது மாபூஸ்கான் பக்கம். சிவகிரி எந்தப் பக்கம் என்பது பருவத்துக்குப் பருவம் மாறியது.

இப்படிப்பட்ட கூட்டணியை வைத்துக்கொண்டு போருக்குப் போவது எத்தனை பாடு என்பதற்குத்தான் அந்த ஐசனோவர் படத்தைச் சொன்னேன். அவர் கையிலாவது எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு தலைமைப் பதவி இருந்தது. புலித்தேவருக்கு அதுவும் கிடையாது. திருவிதாங்கூருக்கு அவர் ஆணையிட முடியாது. முடேமியாவுக்கு அவர் எசமானர் இல்லை. 1756 மார்ச் 21 அன்று திருநெல்வேலிக்கு அருகே கூட்டணிப் படை மாபூஸ்கானோடு மோதித் தோற்றது. முடேமியா களத்திலேயே இறந்தார். புலித்தேவர் நெற்கட்டும்செவலுக்குத் திரும்பினார். இவ்வளவு சீக்கிரம் கூட்டணி கட்டிய கை, அதைக் களத்தில் ஒன்றாக வைத்திருக்கப் பழகவில்லை என்பது என் எண்ணம்.

பிறகு நடந்தது கதாசிரியர்களுக்கே தோன்றாதது. 1757-ல் மாபூஸ்கானே தம்பி முகமது அலிக்கு எதிராகத் திரும்பினார். மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத கம்பெனித் தளபதி காலியோ, உள்ளே இருந்தவர்களுக்கு 1,70,000 ரூபாய் கொடுத்து அதை வாங்கினார். இடமில்லாமல் போன நவாபின் அண்ணன் எங்கே அடைக்கலம் புகுந்தார் தெரியுமா? நெற்கட்டும்செவலில். நேற்று வரை கப்பம் கேட்டு வந்தவருக்கு இன்று சோறும் காவலும் கொடுத்தார் புலித்தேவர். இரக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் நவாபின் சொந்த அண்ணனைக் கையில் வைத்திருப்பவனை ‘கலகக்காரன்’ என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. இவனும் ஓர் ஆற்காட்டு இளவரசனின் பக்கம் நிற்கிறான் என்றாகிவிடும். அரசியல் தெரிந்தவர் செய்கிற வேலை.

இங்கேதான் யூசுப்கான் வருகிறார். 1755-ல் ஹெரானோடு வந்து, ஒரு படை பணமில்லாமலும் பீரங்கியில்லாமலும் தெற்கே என்ன பாடு பட்டது என்று பார்த்தவர். பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது (1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை) அங்கே அழைக்கப்பட்டிருந்தவர், 1759-ல் தெற்கே திரும்பினார். வந்ததும் கோட்டையை முட்டவில்லை. புலித்தேவரின் கூட்டணியில் பெரிய தூண் எது என்று பார்த்தார். திருவிதாங்கூர். அதற்கு என்ன வேண்டும்? களக்காடு. கொடுத்துவிட்டார். அதோடு மேற்கே மலைப்பக்கம் புலித்தேவருக்கு இருந்த துணை எதிரியின் துணையாயிற்று. முதல் அடி வடகரைமேல் விழுந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் வாசுதேவநல்லூர்க் கோட்டையை யூசுப்கான் தாக்கினார். அது தோல்வி. உள்ளே இருந்தவர்கள் உடைப்பைக் காத்து நின்றார்கள். நெற்கட்டும்செவலிலிருந்து புலித்தேவரின் ஆட்கள் வந்து முற்றுகையிட்டவரின் முகாமையே தாக்கினார்கள். ஒரு கோட்டை முற்றுகையில் இருக்க, அடுத்த கோட்டையிலிருந்து எதிரியின் முதுகில் பாய்வது. நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் ஒன்றையொன்று தாங்கும்படி இருந்ததன் பலன் இது. ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி போன்ற தளபதிகளின் பெயர்களை மக்கள் நினைவு இந்தக் காலத்துப் போர்களோடுதான் சேர்த்து வைத்திருக்கிறது. ஒண்டிவீரனுக்கு அஞ்சல்தலை வர 2022 வரை ஆயிற்று.

யூசுப்கான் ஹெரானைப் போல் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. அதுதான் வித்தியாசம். மதுரையில் உட்கார்ந்து, வரி வசூலித்து, அந்தப் பணத்தில் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுத்து, பீரங்கி சேர்த்து, ஒன்றரை ஆண்டு காத்திருந்தார். இடையில் புலித்தேவரும் சும்மா இருக்கவில்லை. வெளியே துணை தேடினார். ஆனால் 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்துவிட்டது. கம்பெனிக்கு எதிரான எந்தப் பாளையக்காரரும் ஒரு கண் வைத்திருந்த திசை அது. மாபூஸ்கானும் அதற்குள் தம்பியோடு சமாதானமாகிப் போய்விட்டார். திருவிதாங்கூர் இல்லை, பிரெஞ்சுக்காரர் இல்லை, இளவரசரும் இல்லை. மிஞ்சியது மூன்று மண்கோட்டைகளும் அவற்றுக்குள் இருந்த ஆட்களும்.

1761 மே 16. மூன்று கோட்டைகளும் யூசுப்கான் வசமாயின. ஹெரான் வந்ததும் கோடைதான், யூசுப்கான் ஜெயித்ததும் கோடைதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் புலித்தேவர் எதிரியின் சம்பளப் பட்டியலைப் படித்து ஜெயித்தார். இந்த முறை எதிரி அவருடைய கூட்டாளிகளின் பட்டியலைப் படித்திருந்தார். வீரம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ அதேதான், குறையவில்லை. இதைப் படமாக யாராவது எடுப்பதாக இருந்தால் களக்காட்டைக் கைமாற்றிய அந்தப் பேச்சுவார்த்தைக்கு ஒரு நீளமான காட்சி வைக்கச் சொல்வேன். அதில் வாள் தேவைப்படாது.

புலித்தேவர் பிடிபடவில்லை. யூசுப்கான்தான் பிடிபட்டார்: இரண்டே ஆண்டுகளில் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து, மதுரைக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டு, கூட இருந்தவர்களாலேயே கட்டப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கில் தொங்கினார். அவர் இல்லாத சீமையில் புலித்தேவர் மறுபடி தலையெடுத்தார். கம்பெனி மறுபடி படை அனுப்பியது. 1767-ல் கர்னல் டொனால்ட் காம்பெல் வாசுதேவநல்லூருக்கு முன் வந்து நின்றார். பீரங்கி பிளந்த இடத்தை, விழுந்தவர்களின் உடல்மேல் ஏறி நின்று, பனையோலையும் வைக்கோலும் திணித்து அடைத்த மனிதர்களை அவர் அங்கே பார்த்தார். வியந்து கடிதமும் எழுதினார். அந்த முற்றுகையும், சங்கரன்கோவில் கோயிலுக்குள் புலித்தேவர் மறைந்தார் என்று ஊர் சொல்லும் கதையும் அடுத்த வாரம்.

(தொடரும்)