சவ்வு இல்லாத பட்டாணி

பட்டாணி உரிக்கும்போது மணிகளை எடுத்துக்கொண்டு தோலை எறிந்துவிடுகிறோம். அதற்கு நாம் வருந்த வேண்டியதில்லை. அந்தத் தோலின் உட்புறத்தில் காகிதத்தைப் போல விறைத்த சவ்வு ஒன்று இருக்கிறது. எத்தனை நேரம் வேகவைத்தாலும் அது பல்லுக்கு வசப்படாது. காய் காய்ந்ததும் வெடித்துத் திறப்பதற்காகச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது.

ஐரோப்பாவின் ஏழைகள் தோலைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. காய்ந்த பட்டாணியைக் கூழாகக் காய்ச்சிக் குடித்தே பல நூற்றாண்டுக் குளிர்காலங்களைக் கடத்தியவர்கள் அவர்கள். பச்சைப் பட்டாணிக்குப் பவிசு வந்தது பிரெஞ்சு அரண்மனையில்தான். 1660 ஜனவரியில், கடுங்குளிரில், ஜெனோவாவிலிருந்து வந்த பட்டாணி பதினான்காம் லூயி மன்னர்முன் வைக்கப்பட்டது. அரசவையே அதிசயித்தது! 1696-லும் அந்த மோகம் தணியவில்லை. மன்னரோடு விருந்துண்டு வீடு திரும்பிய சீமாட்டிகள், படுக்கப் போகுமுன் மறுபடியும் பட்டாணி தின்றார்கள் என்று மதாம் த மேந்தனோன் கடிதம் எழுதினார்.

இந்த ஆரவாரத்துக்கு முன்பே, அந்தச் சவ்வே இல்லாத பட்டாணி ஒன்றும் தோட்டங்களில் இருந்தது. ஜான் ஜெரார்டு என்ற ஆங்கிலேயர் 1597-இல் வெளியிட்ட தம் மூலிகை நூலில் அதைக் குறித்திருக்கிறார். செடிக்கு அது குறை, மனிதனுக்கோ வரம். காயை முழுசாகவே தின்னலாம் அல்லவா? இன்று ஆங்கிலத்தில் இதற்குப் பனிப் பட்டாணி என்று பெயர். சீனத்திலோ ஹாலந்து அவரை!

இதை நூறு கிராம் பச்சையாக உண்டால் சுமார் 60 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைக்கும். ஏழையின் காய்ந்த பட்டாணிக் கூழில் அது அநேகமாகக் கிடையாது. ஆனால் நீரில் வெகுநேரம் வேகவைத்து வடித்தால், அந்தச் சத்தில் பெரும்பகுதி நீரோடு போய்விடும். சீனர்களின் முறையே நல்லது. அவரைக்காய்க்குச் செய்வதுபோல நுனி கிள்ளி நாரை உரித்து, நன்கு காய்ந்த எண்ணெயில் போட்டு, இரண்டே நிமிஷம் புரட்டி இறக்கிவிட வேண்டும். நறுக்கென்று கடிபட வேண்டும், குழையக் கூடாது.

சரி, செடியின் இந்தக் குறை சந்ததிக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? பிரனோ நகரத்து மடத்தில் கிரெகோர் மெண்டல் என்ற துறவி 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். சவ்வில்லாத காய் மணிகளுக்கு நடுவே ஒடுங்கியிருக்கும். அந்தச் செடியைச் சாதாரணப் பட்டாணியோடு அவர் கலந்தார். பிறந்த செடிகள் யாவும் உப்பிய காயையே காய்த்தன. ஒடுக்கம் ஒழிந்துபோயிற்றா? இல்லை. அடுத்த தலைமுறையின் 1181 செடிகளில் 299 செடிகள் ஒடுங்கிய காயைக் காய்த்தன. ஏறக்குறைய நாலில் ஒன்று! ஒழிந்ததாகத் தோன்றிய குணம் ஒளிந்துதான் இருந்தது.

1866-இல் அச்சான அந்த ஆராய்ச்சியின் அருமையை உலகம் உணரவில்லை. 1884-இல் மெண்டல் காலமானார். 1900-இல்தான் அறிஞர்கள் அதைத் தேடி எடுத்தார்கள். ஒரு தலைமுறை மறைந்திருந்து மறு தலைமுறையில் வெளிப்படும் குணத்தைக் கண்டு சொன்னவரின் உழைப்பும் அப்படியே மறைந்திருந்து வெளிப்பட்டது. அதைக் காண அவர்தான் இல்லை.