ஒரே ஆழம், இரண்டு உலகங்கள்

கடலின் அடித்தளம் என்றதும் இருள், குளிர், அசைவற்ற நீர் ஆகியவைதான் பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. அங்கும் ஆறுபோல் நீர் ஓடுகிறது. எந்த உயிரினம் எங்கே வாழும் என்பதை முடிவு செய்வதில் அந்த ஓட்டத்திற்குப் பெரும் பங்கு உண்டு. இந்த உண்மை மனிதனுக்கு விளங்கத் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு முன்னர் கற்றறிந்தவர்களே வேறு விதமாக நம்பி வந்தனர்.

அந்த நம்பிக்கைக்கு வித்திட்டவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் பிரிட்டிஷ் இயற்கை அறிஞர். 1841-ஆம் ஆண்டில் பீக்கன் என்ற கடற்படைக் கப்பலில் ஏஜியன் கடலுக்குச் சென்ற அவர், இரும்புச் சட்டமிட்ட வலையால் அடிமண்ணை வாரிப் பார்த்தார். ஆழம் கூடக் கூட உயிரினங்கள் குறைந்துகொண்டே வந்தன. 300 பாகத்திற்குக் கீழே உயிரே இராது என்று அவர் கணித்தார். (நம் மீனவர்கள் கையை விரித்து அளக்கும் அதே பாகம்தான், ஏறத்தாழ 1.8 மீட்டர்.) ஃபோர்ப்ஸ் திறமையில் குறைந்தவர் அல்லர். அவர் தேர்ந்த கடல்தான் தவறானது. ஏஜியன் சத்துக் குறைந்த நீரைக் கொண்டது. மேலே உணவு இல்லாவிட்டால் கீழே யாருக்கு என்ன கிடைக்கும்? ஒரு கடலில் கண்டதை உலகக் கடல் அனைத்துக்கும் பொருத்தியதுதான் பிழை. 1854-இல் அவர் இளவயதிலேயே மறைந்த பிறகும் அந்தக் கருத்து மறையவில்லை.

எதிர்ச்சான்றுகள் அவ்வப்போது வரத்தான் செய்தன. 1860-இல் மத்தியதரைக் கடலில் பழுதான தந்திக் கம்பியை மேலே இழுத்தபோது, ஆயிரம் பாகத்திற்கும் கூடுதலான ஆழத்தில் அதன்மீது உயிரினங்கள் ஒட்டி வளர்ந்திருந்தன. 1864-இல் நார்வேயின் லொஃபோடன் பகுதியில் சுமார் 300 பாக ஆழத்திலிருந்து தண்டுடைய கடல் அல்லி ஒன்று கிடைத்தது. அதன் உறவினங்களைப் பாறைப் படிவங்களில்தான் அறிஞர்கள் அதிகம் கண்டிருந்தனர். நார்வே அறிஞர் மைக்கேல் சார்ஸ் காட்டிய அந்தச் சேகரிப்பைப் பார்த்து வியந்தவர்களுள் ஒருவர் பெல்ஃபாஸ்ட் பேராசிரியர் வைவில் தாம்சன். தம் நண்பர் வில்லியம் கார்ப்பெண்டரைச் சேர்த்துக்கொண்டு அவர் கடற்படையிடம் கப்பல் கேட்டார். கிடைத்தது லைட்னிங் என்ற பழைய சக்கர நீராவிக் கப்பல். 'மின்னல்' என்பது அதன் பெயரில் மட்டுமே இருந்தது!

1868 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துக்கும் ஃபேரோ தீவுகளுக்கும் இடைப்பட்ட கடலுக்கு அது புறப்பட்டது. பயணத்தின் பெரும்பகுதி மோசமான வானிலையிலேயே கழிந்தது. கிடைத்த சில நாள்களில் கண்டதே வரலாற்றைத் திருப்பியது. 500 பாகத்தை ஒட்டிய ஏறத்தாழ ஒரே ஆழத்தில், ஓரிடத்தில் அடிநீரின் வெப்பம் சுமார் 8 டிகிரி செல்சியஸ். சற்றுத் தொலைவில் 0 டிகிரியை ஒட்டியது. வெதுவெதுப்பான பகுதியின் மென்சேற்றிலிருந்து கண்ணாடி இழை போன்ற கடற்பஞ்சுகள் வந்தன. குளிர்ந்த பகுதியின் கல்லிலும் மணலிலும் வடதுருவக் கடலுக்குரிய உயிரினங்கள் வந்தன. ஆழ்கடல் அடிநீர் எங்கும் ஒரே வெப்பத்தில், சுமார் 4 டிகிரியில் இருக்கும் என்ற எண்ணமும் அங்கேயே தகர்ந்தது.

மறு ஆண்டு போர்க்குபைன் என்ற கப்பல் 2,435 பாக ஆழத்திலிருந்தும் உயிரினங்களை வாரிக்கொண்டு வந்தது. ஃபோர்ப்ஸின் எல்லைக்கோடு அதோடு அழிந்தது. ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. ஒரே ஆழத்தில் இரண்டு நீர் எப்படிக் கலக்காமல் இருக்கின்றன?

இதற்கான துப்பு நம் வட்டாரத்திலிருந்தே கிடைத்தது என்பது பலர் அறியாத செய்தி. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல், சபாவின் வடகிழக்கே விரிந்துள்ள சூலு கடலிலும் வெப்பத்தை அளந்தது. குறிப்பிட்ட ஆழத்திற்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் அங்கே சுமார் 10 டிகிரிதான். சுற்றிலும் கடலடி மேடுகள் வேலிபோல் நின்று வெளியிலுள்ள குளிர்ந்த ஆழ்நீரைத் தடுக்கின்றன என்று அக்கப்பலின் அதிகாரி டிசார்ட் விளக்கினார். அதே காரணம் ஸ்காட்லாந்துக் கடலுக்கும் பொருந்துமா? 1880-இல் அவரும் ஜான் மர்ரேயும் நைட் எர்ரன்ட் கப்பலில் சென்று பார்த்தனர். மேடு இருந்தது! 1882-இல் மற்றொரு பயணம் அதை உறுதிப்படுத்தியது. அந்த ஆண்டு மார்ச்சில் தாம்சன் காலமாகியிருந்தார். இன்று அந்த மேடு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மேட்டின் ஒருபுறம் அட்லாண்டிக் நீர். மறுபுறம் நார்வேக் கடலிலிருந்து அடியில் ஊர்ந்து வரும் துருவ நீர். நீரோட்டம் வெப்பத்தை மட்டும் சுமந்து வருவதில்லை. உணவுத் துணுக்குகளையும் உயிரினங்களின் இளங்குஞ்சுகளையும் அதுவே கொண்டு வருகிறது. வேகமாக ஓடும் இடத்தில் சேறு அடித்துச் செல்லப்பட்டுக் கல் வெளிப்படும். அங்கே கடற்பஞ்சும் பவளமும் பற்றிக்கொண்டு நீரை வடித்து உண்ணும். ஓட்டம் தளரும் இடத்தில் சேறு படியும். அது புழுக்களின் நாடு.

ஓட்டம் எவ்வளவு பலமோ அவ்வளவு வளம் என்று கொள்வதற்கும் இல்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால், ஏறத்தாழ 4,800 மீட்டர் ஆழத்தில், அடிமண்ணையே கிளப்பும் 'அடிக்கடல் புயல்கள்' வீசுவதை அறிவியலாளர்கள் 1980-களில் ஆராய்ந்தனர். அத்தகைய இடங்களில் உயிர்களின் எண்ணிக்கை மிகுதியாக இருக்கலாம். ஆனால் அந்த அலைக்கழிப்பைத் தாங்கும் சில இனங்களே ஆட்சி செலுத்தும். தலை எண்ணிக்கை வேறு, இன வகை வேறு.

ஸ்காட்லாந்துக் கடலில் 1996-லும் 1998-லும் எண்ணெய் நிறுவனங்களின் பொருளுதவியோடு நடந்த ஆய்வுகளில், மிகுந்த இன வகைமை தென்பட்டது வெந்நீர்ப் பகுதியிலும் அன்று, தண்ணீர்ப் பகுதியிலும் அன்று. இரண்டும் உரசிக்கொள்ளும் சுமார் 400 முதல் 600 மீட்டர் வரையிலான இடைப்பட்ட சரிவில்தான்.

கடற்பஞ்சுகள் அடர்ந்த பட்டை இருப்பதும் அந்தச் சரிவில்தான். ஃபேரோ மீனவர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் 'ஒஸ்தூர்', அதாவது பாலாடைக்கட்டி. அடிமடி வலை அங்கே ஒருமுறை இழுபட்டால் மீனோடு கடற்பஞ்சும் சேர்ந்து வரும். மெல்ல வளரும் அவை மீண்டும் தழைக்க நெடுங்காலம் ஆகும். ஸ்காட்லாந்து அந்தப் பட்டையைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்தது 2014-இல்தான். லைட்னிங் அங்கே முதல் வலையை இறக்கி அப்போது 146 ஆண்டுகள் ஆகியிருந்தன.