புள்ளி தானே விழும் விசைப்பலகை

நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளர்கள் கண்ட்ரோல் விசைச் சேர்க்கைகளைத்தான் தேடுகிறார்கள். தமிழில் அதைவிடப் பெரிய மிச்சம் விசைப்பலகை அமைப்பிலேயே இருக்கிறது. தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்த யாழ்ப்பாணத்து முத்தையாவின் காலத்திலிருந்து தட்டச்சுப்பொறிகள் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கோத்தன; 'கொ' அடிக்கக் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டல். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் விளைவான தமிழ்99 விசைப்பலகையில் க, ஒ என இரண்டே போதும். ககரத்தை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். நகரத்தை அடுத்துத் தகரம் வந்தாலும் அப்படியே. தமிழின் இயல்பான மெய்ம்மயக்கத்தையே இயந்திரத்துக்குக் கற்பித்த இந்த நுட்பத்தின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி அடிக்கும் முறை பழகிவிட்டதே, விரல்களை ஏன் மாற்ற வேண்டும் என்பார்கள். எப்போதாவது நான்கு வரி அடிப்பவருக்கு அது நியாயம். ஆனால் 'தங்கம்' அங்கே ஏழெட்டுத் தட்டல் கேட்கிறது, இங்கே ஐந்து. நாள் முழுதும் பக்கம் பக்கமாக மொழிபெயர்ப்பவருக்குப் பழகும் சில வாரச் சிரமம் விரைவில் ஈடாகிவிடும்.