தன் சதையும் வளர்த்த கையும்

குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தை ஒன்று. நுரையீரல் முதிரவில்லை. பால் செலுத்தக் குழாய் வேண்டும். ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி ஒலித்தால் எழுந்து பார்க்க, இரவெல்லாம் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். பெற்றவர்களால் காக்க இயலாத நிலையில் அரசு அக்குழந்தையைப் பொறுப்பேற்று, பயிற்சி பெற்ற ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கிறது. சில மாதங்கள் கழித்து, வேறொரு மாநிலத்தில் வாழும் அத்தையோ பாட்டியோ முன்வந்து, எங்கள் ரத்தத்தை எங்களிடம் தாருங்கள் என்கிறார். அமெரிக்கக் குடும்ப நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் சந்திக்கும் சிக்கல் இது.

இங்கே வளர்ப்புக் குடும்பம் என்பது தத்தெடுத்த குடும்பம் அன்று. சட்டப்படி குழந்தை அரசின் பொறுப்பில் இருக்கிறது. அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, உதவித்தொகை பெற்றுக்கொண்டு, தற்காலிகமாக வளர்ப்பவர்களே இவர்கள். ஆனால் குழந்தைக்கு ஒப்பந்தம் தெரியாது. தூக்குகிற கை மட்டுமே தெரியும்.

'தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்' என்று கேட்டு வளர்ந்த நமக்கு, இதற்கு விடை எளிதாகவே தோன்றும். அமெரிக்கச் சட்டமும் ஏறக்குறைய அந்த இடத்திற்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. எனினும் அது வந்த வழி நெடியது, துயரம் மிகுந்தது. 1854 முதல் 1929 வரை, நியூயார்க் போன்ற கிழக்குக்கரை நகரங்களின் ஏழைக் குழந்தைகள் சுமார் 2 லட்சம் பேர் ரயிலேற்றப்பட்டு, முன்பின் அறியாத பண்ணைக் குடும்பங்களிடம் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பலருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருந்தனர். 1969இலும் 1974இலும் எடுத்த கணக்குகள், அமெரிக்கப் பழங்குடிக் குழந்தைகளில் 25 முதல் 35 விழுக்காட்டினர் தம் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததைக் காட்டின. அந்த அநீதிக்கு விடையாகவே 1978ஆம் ஆண்டின் பழங்குடிக் குழந்தைகள் நலச் சட்டம் உறவினருக்கு முதலிடம் தந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதி செய்தது. 2008இல் இயற்றப்பட்ட வேறொரு சட்டம், குழந்தை அரசின் பொறுப்புக்கு வந்த 30 நாட்களுக்குள் வயதுவந்த உறவினர்களைத் தேடி அறிவிக்க வேண்டும் என்றது. ஆக, உறவுக்கு முன்னுரிமை என்பது வெறும் ரத்தப் பாசத்தால் எழுதப்பட்ட விதியன்று. பறிகொடுத்தவர்கள் போராடிப் பெற்ற நீதி.

மறுபக்கமும் உண்டு. 1977இல் நியூயார்க்கின் வளர்ப்புப் பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கொன்று உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. ஓராண்டுக்கு மேல் எம்மோடு வாழ்ந்த குழந்தையை எம்மை முறையாக விசாரிக்காமல் எடுக்கலாகாது என்பது அவர்கள் வாதம். வளர்ப்புக் குடும்பத்திலும் ஆழ்ந்த பிணைப்பு உண்டாகும் என்பதை நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பு மறுக்கவில்லை. ஆனால் அந்த உறவு அரசின் ஒப்பந்தத்தில் பிறந்தது என்று சுட்டி, நியூயார்க்கின் நடைமுறைகளே போதுமானவை என்று முடித்தது. பின்னர் 1997, 2006ஆம் ஆண்டுச் சட்டங்கள், விசாரணை பற்றிய அறிவிப்பையும் அதில் பேசும் வாய்ப்பையும் வளர்ப்பவர்களுக்கு அளித்தன. பேசலாம், ஆனால் அதனால் மட்டும் வழக்கில் ஒரு தரப்பாகிவிட முடியாது.

உடல் நலிந்த குழந்தைக்காக வாதாடுவது என்றால் என்ன என்பதை, கலிபோர்னியாவின் 'பிலிப் பி.' வழக்குபோல் உணர்த்துவது அரிது. டவுன் நோய்க்குறியுடனும் இதயத்தில் ஓட்டையுடனும் பிறந்த அச்சிறுவனைப் பெற்றோர் பிறந்ததுமே காப்பகத்தில் விட்டனர். அறுவைச் சிகிச்சைக்கும் அவர்கள் இசையவில்லை. 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோரின் முடிவில் தலையிட மறுத்தது. காப்பகத்திற்குத் தன்னார்வலர்களாக வந்து அவனோடு பழகிய ஒரு தம்பதியர் மட்டும் விலகவில்லை. காப்பாளர் உரிமை கோரினர். 1981இல் அது கிட்டியது. 1983இல் மேல்முறையீட்டிலும் நிலைத்தது. அதே ஆண்டு அறுவைச் சிகிச்சையும் நடந்தது. முதல் வழக்கின் கேள்வி, பெற்றோரின் முடிவில் அரசு தலையிடலாமா என்பது. இரண்டாம் வழக்கில்தான், இந்தச் சிறுவனுக்கு யாரிடம் இருந்தால் நன்மை என்று கேட்கப்பட்டது.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒருவர் வேண்டும் என்னும் எண்ணமும் அக்காலத்ததே. குழந்தை வதை வழக்குகளில் குழந்தைக்கெனத் தனிப் பிரதிநிதி ஒருவர் தேவை என்பதை 1974ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலங்கள் கூட்டரசு நிதி பெறுவதற்கான நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தது. 1977இல் சியாட்டில் நகர நீதிபதி டேவிட் சூகப், குழந்தைகளைப் பற்றித் தமக்குப் போதிய விவரம் தெரியாமலேயே தீர்ப்பளிக்க நேர்வதை எண்ணி வருந்தி, பயிற்சி பெற்ற பொதுமக்களை இப்பணியில் அமர்த்தினார்.

அப்படிப்பட்டவர் மேற்சொன்ன குழந்தைக்காக எதைச் சொல்ல வேண்டும்? வளர்த்தவர்களின் அன்பையும் பாட்டியின் அன்பையும் தராசில் நிறுப்பது அவர் வேலையன்று. எத்தனை மணிக்கு ஒருமுறை உணவு, வலிப்புக்கு முன் முகம் எப்படி மாறும், புதிய ஊரில் நுரையீரல் மருத்துவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பவற்றை அவர் ஏட்டில் ஏற்ற வேண்டும். இவற்றை அறிந்தவர் வளர்த்த தாய். அவருடைய அறிவு நீதிமன்றத்தின் முன் வராவிட்டால், எத்தீர்ப்பும் குழந்தையைப் பற்றிய தீர்ப்பாகாது.

அதே குழந்தையின் நோயை, வசதியற்ற உறவினரை விலக்கும் சாக்காக்குவதையும் அவர் தடுத்தாக வேண்டும். குழாயைக் கையாளக் கற்றுக்கொள்ளலாம். வளர்த்த தாயும் ஒரு நாள் மருத்துவமனையில் கற்றவர்தானே. ஆகவே, 'ரத்தமா, வளர்ப்பா' என்பதற்கு முன்பு நாம் கேட்க வேண்டியவை வேறு. உறவினர் வந்து, மருத்துவமனையிலேயே சில நாட்கள் தங்கிப் பயின்றார்களா? ஒப்படைப்பு படிப்படியாக நடக்கிறதா? வளர்த்தவர் தாம் அறிந்ததையெல்லாம் புதியவரிடம் சொல்ல வழி இருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று விடை கிடைத்தால், பாட்டியின் மடியும் பாதுகாப்பானதே. கிடைக்காவிடில் ஒப்படைப்பைச் சற்றே தள்ளிவைக்கச் சொல்வது உறவுக்கு இழைக்கும் துரோகமாகாது. சதை ஆடும் என்பது உண்மைதான். இரவு 2 மணிக்குக் கருவி ஒலிக்கும்போது அந்தக் கைக்கும் வேலை தெரிந்திருக்க வேண்டும்.